சக்தி நாடக சபையும் அதன் புதுநாடகங்களும்

நாடகத் தமிழுக்கு இலக்கணம் கூறிய தொன்னூல்கள் பல இறந்தொழிந்த செய்தியைச் சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்குநல்லார் வாயிலாக நாம் அறிகின்றோம். முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் என்று அவர் பெயர் சுட்டும் நூல்களுள் அவர் காலத்தில் வழங்கியவை சிற்சில சூத்திரங்களே. முதலும் நடுவும் இறுதியும் காணப்படாமையின் அவையும் இறந்தனவாகவே கொள்ளத்தக்கன என்பது அவர் கருத்து. இப்பகுதியை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் ஆசிரியரும் மாணவரும் ஒருங்கே பெருமூச்செறிவது மரபாகிவிட்டது. ஆயின், நம் பாட்டனார் காலத்தில் கொட்டகைகளில் நடிக்கப்பெற்ற புதுநாடகங்கள் அதே கதியை நம் கண்முன்னரே அடைந்துவருகின்றன. அவற்றிற்காகப் பெருமூச்செறிவார் ஒருவரும் இலர்.

இக்கட்டுரை சக்தி நாடக சபை என்னும் ஒரு சிறு குழுவின் புதுநாடக முயற்சிகளைப் பற்றியது. சேலம், நாமக்கல் சமவெளியோடு அக்குழுவுக்கு இருவகைத் தொடர்பு உண்டு. அதன் புகழுக்கு முதற்காரணமான ‘கவியின் கனவு’ நாடகத்தை யாத்த எஸ். டி. சுந்தரம் சேலத்தை அடுத்த ஆட்டையாம்பட்டியிற் பிறந்தவர். அதன் தலைவர் சக்தி டி. கே. கிருஷ்ணசாமி பிற்காலத்தில் எழுதிய ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ நாடகம் 1957-இல் சேலத்திலேயே முதன்முதல் மேடையேறிற்று. இவ்விரு நாடகங்களையும் ஒருசேர வைத்து நோக்கின், புதிய நாடகம் என்பது அன்று எவ்வாறு உருவாயிற்று என்பதும், அதனைத் திறனாயும் முறையில் நாம் எவ்விடத்தில் தவறுகின்றோம் என்பதும் புலனாகும்.

ஆட்டையாம்பட்டி என்றவுடன் இன்று எவர்க்கும் நினைவுக்கு வருவது கைமுறுக்கு. அவ்வூரிலிருந்து வந்து நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவரைச் சுந்தரத்தைப் பற்றி வினவியபோது, அப்பெயருடையார் ஒருவர் தம் ஊரிற் பிறந்ததையே அறியாராய் விழித்தார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. நம் பாடத்திட்டத்தில் நாடகம் என்றால் ‘மனோன்மணீயம்’. அதன்பின் பம்மல் சம்பந்தனாரின் ஒரு நாடகம். அதன்பின் நேரே இக்கால நவீன நாடகம். இடையிலுள்ள அரை நூற்றாண்டு ‘தொழில்முறை நாடகக் குழுக்கள்’ என்னும் ஒரு பத்தித் தலைப்பினுள் அடங்கிவிடுகின்றது.

முதற்கண் ‘புதிய நாடகம்’ என்னும் சொல்லின் பொருளை வரையறுத்துக்கொள்ளுதல் வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) வகுத்துத் தந்த வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி முதலியவற்றையே குழுக்கள் பலவும் ஆடிவந்தன. கதை அவையோர்க்கு முன்னரே தெரிந்தது, பாட்டும் தெரிந்தது. இன்ன பாட்டை இன்னார் எவ்வாறு பாடுவார் என்பதைக் கேட்கவே மக்கள் திரண்டனர். இந்நிலத்தில் இரவெல்லாம் நடைபெறும் தெருக்கூத்தின் இயல்பும் அதுவே. பாரதத்தின் முடிவை அறிந்துகொள்ள எவரும் விடியும்வரை விழித்திருப்பதில்லை. புதிய நாடகமோ அவையோர் அறியாத கதையை, அறியாத மாந்தரைக் கொண்டு, பாட்டினும் உரையாடலை மிகுதியாக நம்பி நடத்துவது. 1891-இல் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்த சம்பந்தனார் இதனைச் சென்னையிற் செய்துகாட்டினார். எனினும் அவரும் அவர் நண்பரும் வேறு தொழிலால் வாழ்ந்தவர்கள். ஒரு நாடகம் தோல்வியுற்றால் அவர்கள் வீட்டில் உலை எரியாமற் போவதில்லை.

தொழில்முறைக் குழுவின் நிலை வேறு. ஓர் ஊரிற் கொட்டகை போட்டுத் திங்கட்கணக்கில் தங்கி, நடிகர், ஆர்மோனியக்காரர், திரை இழுப்போர், சமையற்காரர் ஈறாக அனைவர்க்கும் அன்றாடம் சோறிடவேண்டிய பொறுப்பு அதன் தலைவருடையது. புதுநாடகம் என்றால் புதிய படுதாக்கள், புதிய உடைகள். பல கிழமை ஒத்திகை. வசூல் குறைந்தால் மறுவாரமே வள்ளி திருமணத்தைப் போட்டுக் கடனை அடைக்கவேண்டியதுதான். இத்தகைய நிலையிலும் சில குழுக்கள் புதியன நாடின என்பதே வியப்புக்குரியது. டி. கே. எஸ். சகோதரர்கள் 1925-இல் தனிக்குழு அமைத்த சில ஆண்டுகளிலேயே, 1931-இல், வெ. சாமிநாத சர்மாவின் ‘பாணபுரத்து வீரன்’ நாடகத்தைத் ‘தேசபக்தி’ என்னும் பெயரால் மேடையேற்றினர். நூல் தடைக்குள்ளாகியமையாலேயே பெயர் மாற்றம் வேண்டியதாயிற்று. சக்தி நாடக சபை இவ்வழியிற் பின்வந்தது. புராண நாடகங்களின் துணையை அது பெரிதும் நாடாமல் புதுநாடகத்தையே தன் முதலாகக் கொண்டமை குறிப்பிடத்தக்கது.

சுந்தரம் (1921-1979) நூலறிவு ஒன்றே கொண்டு நாடகம் எழுதவந்தவர் அல்லர். சிறுவராக இருக்கும்போதே நவாப் இராஜமாணிக்கத்தின் குழுவிற் சேர்ந்து நடித்தவர். பின்னர்த் திருவையாற்றுக் கல்லூரியில் தமிழ் பயின்று வித்துவான் பட்டம் பெற்றவர். 1942-ஆம் ஆண்டு விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றவர். கவியின் கனவு சிறையிலேயே கருக்கொண்டது என்பர். ஆகவே கொட்டகை, கல்லூரி, சிறை ஆகிய மூன்றும் அவருக்குப் பள்ளிகளாயின. ஒருவர் வாழ்வில் இம்மூன்றும் ஒருங்கு கூடுதல் அரிது. இவற்றுள் எதனை நீக்கினும் கவியின் கனவு இன்றுள்ள வடிவிற் பிறந்திராது என்பது நம் துணிபு.

அந்நாடகத்தின் நாடு பெயரளவிலும் இந்தியா அன்று. அதன் காலமும் வரலாற்றிற் குறிக்கத்தக்கதன்று. ஓர் அரசு, அதனைத் தன்வயப்படுத்தும் கொடுமை, அதனை எதிர்த்து நிற்கும் ஒரு கவி, அவன் காணும் விடுதலைக் கனவு ஆகியவையே அதன் பொருள். எஸ். வி. சுப்பையா, எம். என். நம்பியார் முதலியோர் இதில் நடித்துப் பெயர் பெற்றனர். நாகப்பட்டினத்தில் இந்நாடகம் நடைபெற்ற காலத்தில் திருச்சியிலிருந்து அதற்கெனத் தனி இரயில் விடப்பட்டது என்னும் செய்தி நாடக வரலாறு எழுதுவோர் அனைவராலும் வியந்து கூறப்படுவது. இரயில் விட்டதை வியந்தோர், மக்கள் எதனைக் காண அவ்வளவு தொலைவு சென்றனர் என்பதை ஆராய்ந்தாரிலர்.

நாம் இதனை ஆராயப் புகுந்தபோது முதலில் ஏமாற்றமே அடைந்தோம். அச்சிட்ட நூலை மனத்துக்குள் படித்தால், உரையாடல் நெடிதாகவும், அடுக்குமொழி மிகுந்ததாகவும், மாந்தர் ஒருவரோடொருவர் பேசுவதைவிட அவையை நோக்கிச் சொற்பொழிவு ஆற்றுவதாகவும் தோன்றுகின்றது. இதனைப் படித்த திறனாய்வாளர் ‘மேடைப்பேச்சு’ என ஒதுக்கியதும் இதனாலேதான். முன்னொரு கருத்தரங்கில் நாமும் அவ்வாறே கூறியுள்ளோம் என்பதை மறைப்பதற்கில்லை. அக்கூற்றை இங்கே திருத்திக்கொள்கின்றோம்.

நம் கருத்து மாறியதற்கு இரு காரணங்கள் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை மாணவரைக் கொண்டு இந்நாடகத்தின் சில காட்சிகளை வகுப்பறையில் உரக்கப் படிக்கச் செய்தோம். படிப்பவர் ஒரு மூலையிலும் கேட்போர் மறு மூலையிலும் இருக்க, மின்விசிறிகளின் இரைச்சலுக்கிடையே அது நடந்தது. தாளிற் சுமையாகத் தோன்றிய அடுக்குகள் அப்போது மூச்செடுக்கும் இடங்களாக மாறின. ஒரு சொல்லைத் தவறவிட்டவர்க்கு அடுத்த சொல் அதே பொருளைக் கொணர்ந்தது. கொட்டகையில் பாய்விரித்துக் கடைசியில் அமர்ந்திருப்பவர்க்கும், அழும் குழந்தையை மடியில் வைத்திருப்பவர்க்கும் கேட்கும்படி எழுதப்பட்ட உரைநடை அது. செய்யுளுக்கு யாப்பு எவ்வாறோ அவ்வாறே கொட்டகை உரைநடைக்கு இவ்வடுக்கு. இதனை நிறை என்றும் குறை என்றும் கூறுமுன் இது எத்தொழிலைச் செய்கின்றது என்று காணல் வேண்டும்.

இரண்டாவது காரணம் சட்டத்தைப் பற்றியது. ஆங்கில அரசு 1876-இல் இயற்றிய நாடக நிகழ்ச்சிகள் சட்டம் அரசுக்கு எதிரான நாடகங்களைத் தடைசெய்யும் அதிகாரத்தை அதிகாரிகளுக்கு வழங்கிற்று. எழுதிய படியைக் காட்டி இசைவு பெறவேண்டிய நிலை குழுக்களுக்கு ஏற்பட்டது. ஆதலின் புதிய நாடகத்தின் முதல் வாசகர் பல இடங்களிற் காவல்துறை அதிகாரியாகவே இருந்திருப்பார்! அவர் படித்தால் ஒரு பொருளும், இரவில் மக்கள் கேட்டால் மற்றொரு பொருளும் தரத்தக்க மொழி ஆசிரியருக்கு வேண்டியிருந்தது. பெயரற்ற நாடும் காலமற்ற காலமும் இதன்பொருட்டு வந்தவை. கொடுமை என்னும் சொல்லை நடிகன் உரைக்க, வெள்ளையன் என்னும் சொல்லை அவையோர் தம் மனத்துள் நிரப்பிக்கொண்டனர். நாடகத்தின் பாதி இவ்வாறு அவையில் எழுதப்பட்டமையின், அச்சில் நமக்குக் கிடைப்பது எஞ்சிய பாதியே. பாதியைக் கையில் வைத்துக்கொண்டு முழுமைக்கு மதிப்பெண் இட்டதே நாம் செய்த பிழை.

ஆயினும் சுந்தரத்தின்பால் நமக்குக் குறையே இல்லை என்பது கருத்தன்று. அவருடைய கவி தொடக்கமுதல் இறுதிவரை ஒரே உயரத்தில் நிற்கின்றான். அவனுக்கு ஐயமோ அச்சமோ ஆசையோ வந்து போவதாக நம்மால் உணர இயலவில்லை. சிறை சென்ற ஆசிரியர் சிறையின் சோர்வை அறியாதவர் அல்லர். அறிந்ததைத் தம் தலைமகனுக்குத் தர மறுத்துவிட்டார். அக்காலத்து மேடைக்குத் தளராத வீரன் வேண்டியிருந்தான் போலும்.

சபையின் பிற நாடகங்களுள் ‘நூர்ஜகான்’ ஒன்று. அதில் நூர்ஜகானாகப் பெண்வேடம் பூண்ட வி. சி. கணேசனின் நடிப்பை வேலூரைச் சேர்ந்த பி. ஏ. பெருமாள் முதலியார் கண்டு மனங்கொண்டதே, 1952-இல் ‘பராசக்தி’ திரைப்படத்தில் அவர் தலைமை வேடம் ஏற்றதற்கு வழிகோலிற்று என்பது பலரும் அறிந்தது. இச்செய்தி எப்போதும் ஒரு நடிகரின் நல்லூழாகவே எடுத்துரைக்கப்படுகின்றது. குழுவின் பக்கமிருந்து நோக்கினாலோ இது வேறொன்றாகத் தோன்றும். பல ஆண்டுகள் சோறிட்டுப் பாடம் சொல்லி வளர்த்த நடிகர்களை ஒருவர்பின் ஒருவராகப் படத்தொழில் கவர்ந்துகொண்டது. சுப்பையாவும் நம்பியாரும் சென்ற வழியும் அதுவே. புதுநாடகக் குழுவுக்கு இவ்விழப்பு இருமடங்கு. ஏனெனில் அதன் நாடகங்கள் வேறெங்கும் ஆடப்படாதவை. பவளக்கொடியில் இராஜபார்ட் நடிகர் விலகினால் அதே பாடம் தெரிந்த மற்றொருவரை அடுத்த ஊரிலிருந்து வருவிக்கலாம். கவியின் கனவில் கவி விலகினால் அப்பாடம் அவருடனேயே போய்விடும்.

படத்தொழில் என்றதும் சேலத்தைக் குறிப்பிடாமல் அப்பாற் செல்ல இயலாது. 1935-இல் டி. ஆர். சுந்தரம் ஏற்காட்டுச் சாலையில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், நாடகங்களைப் படமாக்குவதில் முனைந்து நின்றது. படிப்பதற்கெனவே எழுதப்பட்டது என்று பேராசிரியர் பலர் கருதும் மனோன்மணீயத்தை 1942-இல் ‘மனோன்மணி’ என்னும் படமாக்கியது அந்நிறுவனமே. மு. கருணாநிதியின் ‘மந்திரி குமாரி’ நாடகம் 1950-இல் அங்குப் படமாயிற்று. அதன் மூலக்கதை குண்டலகேசி. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய அந்நூலில் நமக்கு எஞ்சியவை பத்தொன்பது செய்யுட்களே. கள்வனை மணந்து, அவனாற் கொல்லப்படவிருந்த மலையுச்சியிலிருந்து அவனையே தள்ளிய பெண்ணின் கதையோ நீலகேசி உரை வழியும் பௌத்த நூல்கள் வழியும் உயிர் தப்பி, நாடகமாகிச் சேலத்துக் கொட்டகைகளில் படமாக ஓடிற்று. நூல் அழிந்த பின்னும் கதை வாழும் என்று இதனைக் கொண்டு நாம் ஆறுதல் கொள்ளலாம். ஆயின் குண்டலகேசியின் கவிதை எத்தகையது என்பதைப் படம் பார்த்து எவர் அறிய இயலும்? படம் காத்தளித்தது கதையை, இழந்தது நூலை. கட்டபொம்மனுக்கும் இதுவே நேர்ந்தது.

சக்தி சபையின் காலம் கழிந்தபின் கிருஷ்ணசாமி சிவாஜி நாடக மன்றத்துக்காக எழுதிய வீரபாண்டிய கட்டபொம்மன், 1957 ஆகஸ்டுத் திங்களில் சேலத்தில் அரங்கேறிற்று. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் நூற்றாண்டு அது. பாஞ்சாலங்குறிச்சியின் கதை கொங்குச் சமவெளிக்கு அயலதன்று. கதைப்பாடல்களாக அது நெடுங்காலம் தமிழகத்தில் வழங்கியது. ம. பொ. சிவஞானம் 1949-இல் எழுதிய நூல் அவ்வீரனைக் கற்றோர் அவைக்கும் கொணர்ந்திருந்தது. 1959-இல் பி. ஆர். பந்துலு இதனைப் படமாக்கினார். மறுஆண்டு கெய்ரோ விழாவில் சிவாஜி கணேசன் சிறந்த நடிகராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். அதன்பின் அவ்வுரையாடல் இசைத்தட்டாகி, மாரியம்மன் பண்டிகையிலும் மணவீட்டிலும் ஒலிபெருக்கி வழியே முழங்கிற்று. எழுத்தறியாதவரும் அதனை முழுதும் ஒப்பித்தனர். கம்பனுக்கும் வில்லிக்கும் அடுத்தபடியாக இத்தகைய வாய்ப்பாடம் எத்தனை தமிழ் நூல்களுக்கு வாய்த்தது?

இவ்விரு நாடகங்களையும் ஒப்பிட்டால், உரைநடையின் கட்டுக்கோப்பில் கட்டபொம்மனே மேம்பட்டது என்பதில் ஐயமில்லை. கிருஷ்ணசாமி நெடுங்காலம் நடிகர்க்குப் பாடம் சொன்னவர். எந்த அசையில் குரல் ஏறும், எங்கே அவை கைதட்டும், கைதட்டல் அடங்க எத்தனை நொடி வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். சுந்தரத்திடம் சற்றே தளர்ந்து கிடந்த அடுக்கு இவரிடம் இறுகிவிட்டது. ஆயின் நாடகம் என்னும் அளவில் நாம் கவியின் கனவையே உயர்த்திக் கூறுவோம். கட்டபொம்மன் மேடையேறியபோது தடுக்கும் ஆங்கில அரசு இல்லை. பகைவனைப் பெயர் சொல்லியே ஏசலாம். ஆகவே அவையோர் நிரப்பவேண்டிய இடம் ஒன்றும் எஞ்சவில்லை. ஜாக்சனும் பானர்மனும் வீரனின் சொல்லம்புகளை ஏற்க நிற்கும் இலக்குகளே. அவர்கள் பக்கத்து நியாயம் ஒன்றேனும் நம்மைக் கணநேரமும் கலக்குவதில்லை. எட்டப்பன் ஏன் அவ்வாறு செய்தான் என்ற வினா எழுவதற்குமுன் அவன் பெயரே வசைச்சொல்லாகிவிட்டது. கவியின் கனவிலோ தீமை கடல் கடந்து வருவதன்று. சொந்த அரண்மனையினுள் இருப்பது. 1947-க்குப் பின்னும் அந்நாடகத்துக்குப் பொருள் எஞ்சியமைக்கு இதுவே காரணம். ஆங்கிலேயர் போன பின்னும் நாடக இசைவுச் சட்டம் போகவில்லை என்பதை இதனோடு சேர்த்து எண்ணலாம். 1954-இல் சென்னை மாநிலம் தனக்கென ஒரு சட்டமே இயற்றிக்கொண்டது. அதன் முதன்மையான பிரிவுகளை உயர்நீதிமன்றம் நீக்கியது 2013-இல்தான்.

புதுநாடகத்தை வேறொரு நெறியில் வளர்த்தவர் கோவையை அடுத்த சிங்காநல்லூரில் தோன்றிய எஸ். வி. சகஸ்ரநாமம் (1913-1988). டி. கே. எஸ். குழுவிற் பயின்ற அவர் 1950-களில் சென்னையில் நடத்திய சேவா ஸ்டேஜ், நாடகாசிரியரைக் குழுவுக்குள் வளர்க்காமல் வெளியே சென்று எழுத்தாளரை அழைத்தது. தி. ஜானகிராமன் ‘நாலுவேலி நிலம்’, ‘வடிவேலு வாத்தியார்’ ஆகியவற்றையும், பி. எஸ். இராமையா ‘தேரோட்டி மகன்’, ‘போலீஸ்காரன் மகள்’ முதலியவற்றையும் எழுதினர். சிறுகதை எழுத்தாளரின் மென்குரல் இவற்றால் மேடைக்கு வந்தது. இலக்கிய வரலாற்றில் இவற்றுக்கு ஓரளவு இடம் கிடைத்திருப்பதும், எழுதியோர் முன்னரே எழுத்தாளராக அறியப்பட்டமையாலன்றி நாடகமாக இவை ஆராயப்பட்டமையால் அன்று. சுந்தரத்துக்கும் கிருஷ்ணசாமிக்கும் அவ்வாய்ப்பு இல்லை. ஒருவரை விடுதலைப் போராட்ட வீரர் என்றும், மற்றவரைத் திரைப்பட உரையாடலாசிரியர் என்றும் குறித்துவிட்டு நாம் ஏட்டை மூடிவிடுகின்றோம்.

கவியின் கனவு அச்சேறியமையால் நமக்கு எட்டியது. சக்தி சபையும் அதன் காலத்துப் பிற குழுக்களும் ஆடியவற்றுள் அச்சேறாதவை பல. அவற்றின் படிகள் குழுவின் உடைமையாக இருந்தன. மற்றொரு குழு திருடிவிடும் என்னும் அச்சத்தால் முழுப்படி ஒருவரிடமும் தரப்படுவதில்லை. நடிகர் தத்தம் பாகத்தை மட்டும் எழுதிக்கொண்டு பாடம் செய்தனர். குழு கலைந்தபோது முழுப்படி தலைவரின் தகரப்பெட்டியோடு போயிற்று. பாகங்கள் நடிகரோடு ஊர்தோறும் சிதறின.

அத்தகைய ஏடு ஒன்றை நாமக்கல்லை அடுத்த ஒரு சிற்றூரில் நாம் கண்டோம். முன்னாள் நடிகர் ஒருவரின் பேரர், வீடு இடிக்கும்போது கிடைத்தது என்று காட்டினார். கோடுபோட்ட பள்ளிக்கூட நோட்டு. ஓரங்களைச் செல் அரித்திருந்தது. நாடகத்தின் பெயரும் ஆசிரியர் பெயரும் இருந்திருக்கவேண்டிய முதல் தாள் இல்லை. ஒரு பெண் பாத்திரத்தின் பேச்சு மட்டும் ஊதா மையில் எழுதப்பட்டுள்ளது. ஒவ்வொரு பேச்சுக்கும் முன், எதிர் நடிகர் முடிக்கும் இறுதிச் சொல் ஒன்றோ இரண்டோ சிவப்பு மையில் உள்ளது. அச்சொல்லைக் கேட்டவுடன் பேசத் தொடங்கவேண்டும் என்பதற்கான குறிப்பு அது. கொங்கு வழக்குச் சொற்கள் விரவிய, அரண்மனை இல்லாத, ஒரு குடியானவர் வீட்டில் நிகழும் நாடகம் அது என்பது வரை உய்த்துணர முடிகின்றது. நிலத்தை விற்பது பற்றிய ஒரு வழக்கு நடக்கின்றது; அப்பெண் விற்கக்கூடாது என்கின்றாள். ஏன் விற்கவேண்டும் என்று எதிர்ப்பக்கம் கூறிய காரணம் நம்மிடம் இல்லை. சிவப்பு மையில் ‘வேறு வழி’, ‘உன் அண்ணன்’, ‘வட்டி’ என்னும் சொற்களே எஞ்சின.

உரியவரின் இசைவோடு அதனைப் படியெடுத்துத் துறை நூலகத்தில் வைத்துள்ளோம். மூலத்தை அக்குடும்பத்தாரிடமே திருப்பிக் கொடுத்தோம். அண்ணனின் பாகம் எழுதிய நோட்டு எடப்பாடியிலோ திருச்செங்கோட்டிலோ இராசிபுரத்திலோ எவர் வீட்டுப் பரணிலேனும் கிடக்கலாம் என்னும் எண்ணத்தில், இவ்வாண்டு முதல் ஆய்வு மாணவர் இருவரை ஊர் ஊராக அனுப்பிவருகின்றோம். இதுகாறும் பதினோரு ஏடுகள் கிடைத்துள்ளன. அவற்றுள் ஒன்பது வள்ளி திருமணம்.